முண்டமில்லாத இரண்டு தலைகள்

அன்று காலை அவளுடைய கணவர் கேட்டது ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். முழங்கை வரை கிரீஸோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். உள்ளே கால் வைத்தால் தரை என்ன கதி ஆகும் என்று தெரிந்த மனிதர். கியர்பாக்ஸின் சக்கரங்களைப் பல் பல்லாகத் தேய்க்க வேண்டும், துணி நுழையாத இடுக்கெல்லாம் இருக்கிறது என்றார். அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலை மகள் கையிலேயே பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போய், தூக்கிப் போட வைத்திருந்த பிரஷை எடுத்துவந்து நீட்டினாள். பேஸ்ட்டும் வேண்டுமா என்று கேட்டாள். அதற்கு மண்ணெண்ணெய்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மகள் சிரித்தாள். தானும் சிரித்தோமா என்று அவளுக்கு இப்போது நினைவில்லை. அச்சகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மாலையில் அவள் திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையின் முன்னே தெருவே கூடி நின்றது.

நடந்ததைச் சொன்னவன் கொழுந்தன். அண்ணனும் தம்பியுமாக நடத்திய பட்டறை அது. செங்கல் சூளை ஒன்றில் கோழி அடைத்து வைத்திருந்த ஒரு கிழட்டுப் பிக்கப் வண்டியை வாங்கிவந்து, மற்றவர்கள் வண்டிகளுக்கு நடுவே ஒழிந்த நேரத்திலெல்லாம் இருவரும் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினைத் திருகு விடாமல் பிரித்து, சிலிண்டர்களை லேத்துக்கு அனுப்பிக் குடைந்து, புது பிஸ்டன் போட்டு, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, மறுபடி சட்டத்தில் இறக்கியாகிவிட்டது. அதன் முதுகில் கியர்பாக்ஸைத் தூக்கிக் கோத்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது.

அந்தக் கியர்பாக்ஸ்தான் அவர் மார்பில் விழுந்தது. வண்டிக்கு அடியில் இருவரும் படுத்திருந்தோம், அண்ணன் முன்பக்கம், நான் வால் பக்கத்தைப் பிடித்திருந்தேன், ஜாக்கி வழுக்கிவிட்டது என்றான் கொழுந்தன். ஆஸ்பத்திரி வண்டி வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"நான் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன் அண்ணி. வலிக்கலன்னு சொன்னாரு. அவகிட்ட சொல்லு, பயப்பட வேணாம்னு சொல்லு, நீதான் பக்கத்துல இருக்கியே, அது போதும்னாரு."

அந்த வார்த்தைகளைக் கட்டிக்கொண்டுதான் அவள் ஆரம்ப நாட்களில் படுத்தாள்.

தொழில் புத்தி பிறகுதான் விழித்தது. அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. கொழுந்தன் இதே கதையைப் போலீஸிடம் சொன்னபோது அவள் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய அப்பாவிடம் சொன்னபோதும் இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே இடத்தில் அதே மூச்சு. ஓர் எழுத்து பிசகவில்லை. வாயிலிருந்து வருகிற பேச்சு இப்படி இருக்காது. நாலு தடவை சொன்னால் நாலு விதமாக வரும். மாறாமல் வருவது அச்சுக் கோத்து வைத்ததுதான்.

ஒன்று இடறினால் மற்றதெல்லாம் கூடவே வந்து நிற்கும். அன்று காலை அவள் கேட்டைத் தாண்டும்போது பட்டறைக்குள் குரல் உயர்ந்திருந்தது. கொழுந்தன் அண்ணனிடம் சத்தம் போட்டு அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அதைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து பட்டறையைப் பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் ஒரு நாளும் சாவியைக் கேட்கவில்லை. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன், அவள் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவன், இப்போது அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

மகளை அவன் பைக்கில் பள்ளிக்கு அனுப்புவதை அவள் நிறுத்திவிட்டாள். ஏன் சித்தப்பாகூடப் போகக்கூடாது என்று மகள் கேட்டபோது, ஹெல்மெட் இல்லை என்றாள். மறுநாளே ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கிவந்து கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது. இவனோடு ஒரே கூரையின் கீழ் மகளை வளர்க்க முடியுமா, முடியாதா? அது தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு முகவரி அட்டை அவள் மேசைக்குத் திருத்தத்துக்கு வந்தது. 'தொழில்: விபத்துகளைச் சந்தேகப்படுதல்' என்று இருந்தது. 'சரிபார்த்தல்' என்று எழுத நினைத்துத் தவறியிருப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், பிழை எதுவும் இல்லை, அப்படியே அடியுங்கள் என்றது. அட்டை அச்சாகிப் போன கையோடு அவள் அதே எண்ணை மறுபடி அழைத்தாள். இந்த முறை தன் வேலையாக.

ஒரு விடுமுறை நாள் காலையில், மகள் தாத்தா வீட்டுக்கும் கொழுந்தன் கடைத்தெருவுக்கும் போயிருந்த சமயம், அவர்கள் இருவர் வந்தார்கள். தொலைபேசியில் பேசிய சர்வேயரம்மா ஐம்பதைத் தாண்டியவர். காப்பீட்டுக் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். முட்டி மடங்காது. ஆகவே நின்று பார்க்கக்கூடியதை அவர் பார்ப்பார், படுத்துப் பார்க்க வேண்டியதை உதவியாளன் பார்ப்பான். அவனுக்கு ஒல்லி என்று பெயர். பழுதான லாரிகளைக் கட்டி இழுக்கும் வண்டியை ஓட்டியவனாம். அந்த வண்டி இல்லாமலே இழுப்பான் போல இருந்தான்.

ஷட்டரைத் தூக்கியதும் பூட்டிவைத்த எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. வண்டி முட்டுகள்மேல் நின்றது. பானெட் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. எஞ்சின் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில், கடப்பாரையால் நெம்பி ஒதுக்கிய இடத்திலேயே, கியர்பாக்ஸ் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

சர்வேயரம்மா முதலில் வண்டியிடம் போகவில்லை. வேலை மேசையிடம் போனார். செத்தவரின் கடைசி வேலை என்ன என்று மேசையைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று, யாருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டார். மேசை ஓரத்தில் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸ் பொருத்தியிருந்தது. அதன் கீழே ஒரு டப்பா மூடி. மூடியில் கொஞ்சம் இரும்புத் தூளும், கழுத்தோடு அறுபட்ட இரண்டு போல்ட் தலைகளும் கிடந்தன.

"ரெண்டு தலை இருக்கு மேடம்," என்றான் ஒல்லி. "முண்டத்தக் காணோம். இதை இன்னொரு கேஸா எழுதிக்கலாமா?"

சர்வேயரம்மா ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். மேசையில் கிடந்த மற்ற துண்டு துணுக்கெல்லாம் எண்ணெய் அழுக்கில் கறுத்திருக்க, அறுபட்ட இந்த இடம் மட்டும் பளபளத்தது. மேலே விழுந்த இரும்புத் தூளையும் யாரும் கலைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் நல்ல போல்ட்டை வீணாக வெட்டுகிறவரா என்று கேட்டார். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி எடுத்து வைக்கிற ஆள் என்றாள் அவள். சர்வேயரம்மா தலை இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ முண்டத்துக்கு ஏதோ முக்கியமான வேலை இருந்திருக்கு," என்றார்.

அதன்பிறகு கியர்பாக்ஸின் மேல் குனிந்தார், முட்டியால் இல்லாமல் இடுப்பால். அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தது. அன்று பூசியதா என்று கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும், முந்தின நாள் அது வெறும் இரும்பாக இருந்ததை அவளே பார்த்திருந்தாள். காயும் வரைக்கும் பொறுக்கிற ஆளா? இல்லை. வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோதும் ஈரத்திலேயே சாத்தி, பிறகு கத்தி வைத்துத்தான் திறந்தார்.

"அந்தப் பொறுமையில்லாத மனுஷன் நமக்கு நல்லது பண்ணியிருக்காரு. கொஞ்சம் வந்து பாருங்கம்மா."

அவள் வந்து பார்த்தாள். கியர்பாக்ஸின் இரு பக்கமும் ஈரப் பெயிண்டில் கை பதிந்து அப்படியே காய்ந்திருந்தது. இந்தப் பக்கம் இடது கை, அந்தப் பக்கம் வலது கை. வலது கையின் ஆள்காட்டி விரலுக்கு மேல் கணு இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரியின் விசிறி அவரிடமிருந்து கொண்டுபோன கணு. அவள் அங்கேயே நின்றாள். சர்வேயரம்மா அவசரப்படுத்தவில்லை. ஒல்லி வாசல் பக்கம் போய்த் தெருவை வேடிக்கை பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து சர்வேயரம்மா கைத்தடியால் மறுமுனையைத் தொட்டுக் காட்டினார். கியர்பாக்ஸின் வால். அங்கே பெயிண்ட் மீது பிரஷ் போன தடம் மயிர் மயிராக அப்படியே இருந்தது. கை ரேகை இல்லை, விரல் தடம் இல்லை, ஒரு தேய்ப்புக்கூட இல்லை.

"உங்க கொழுந்தன் எந்தப் பக்கம் பிடிச்சிருந்ததா சொன்னாரு?"

"வால் பக்கம்."

"காத்தைப் பிடிச்சிருப்பாரு," என்றான் ஒல்லி, திரும்பி வந்தபடி.

இத்தனை நாள் சந்தேகம் சந்தேகமாகவே இருந்தது. அதற்கு ஒரு வால் முளைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பிடிக்காதவன் வேறு என்ன செய்துகொண்டிருந்தான்? ஒல்லி ஜாக்கியைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். தள்ளிக்கொண்டு போகிற சக்கர ஜாக்கி அது. பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அதை லேசாகத் திருகினால் மேலே இருப்பது இறங்கிவிடும், பலம் வேண்டாம், சத்தமும் வராது என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கேலி இல்லை.

வெளியே பைக் வந்து நின்றது.

கொழுந்தன் திறந்த ஷட்டரைப் பார்த்தான், பிறகு உள்ளே இருந்தவர்களை. வாங்கிவந்த பையைக் கையில் வைத்தபடியே வாசலில் நின்றுவிட்டான். அவள்தான் உள்ளே வரச் சொன்னாள். இவர்கள் யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு, கேளுங்க என்றான்.

சர்வேயரம்மா கேட்டார். அவன் சொன்னான். அண்ணன் முன்பக்கம், நான் வால் பக்கம், ஜாக்கி வழுக்கியது, கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், வலிக்கவில்லை என்றார். அதே சொல், அதே மூச்சு. அவன் வாய் திறப்பதற்கு முன்பே அடுத்த வார்த்தை அவளுக்கு மனதில் ஓடியது. எப்படிப் பிடித்திருந்தாய், கொஞ்சம் கை வைத்துக் காட்டு என்றார் சர்வேயரம்மா. அவன் குனிந்து வாலில் கை வைத்தான். வைத்த கையின் கீழே பிரஷ் தடங்கள் ஒரு கீறல் இல்லாமல் இருப்பதை அவனும் அப்போதுதான் பார்த்தான். பெயிண்ட் வேலை தெரிந்தவன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் வாலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"விட்டுட்டேன் அண்ணி," என்றான். "காலையில சண்டை. கோவத்துல இருந்தேன். கனம் வந்ததும் விட்டுட்டேன். என்னாலதான் போனாரு. போலீஸ்ல சொல்லிடுங்க, நான் வரேன்."

அவள் பக்கத்தில் இருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் தேடியது இதைத்தான். கையில் கிடைத்ததும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளிடம் இன்றைக்கு என்ன சொல்வது என்ற ஒன்றுதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"எந்தக் கையால விட்ட?" என்றார் சர்வேயரம்மா.

"ரெண்டு கையாலயும்."

"விடணும்னா மொதல்ல பிடிச்சிருக்கணும் தம்பி. பெயிண்ட் ஈரமா இருந்திருக்கு. பிடிச்சு விட்டிருந்தா உன் கையும் அதுல இருக்கணும்ல? பொய் சொன்னது தெரிஞ்சுபோச்சுன்னதும் அதைவிடப் பெரிய பொய்யா எடுத்து விடுற. கொலையையே ஒத்துக்கிறேன்னு வந்து நிக்கிறியே, அதுக்குப் பின்னால எதை மறைக்கிற?" அவன் பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. "ஒல்லி, வண்டிக்கடியில போ. முண்டத்தைத் தேடு."

உள்ளே போவதொன்றும் கஷ்டமில்லை, வெளியே எடுக்கத்தான் தனியாக ஒரு ஜாக்கி வேண்டியிருக்கும் என்று முனகிக்கொண்டே ஒல்லி டார்ச்சோடு மல்லாந்து நுழைந்தான். கொழுந்தன் எழுந்தான், தடுக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டான்.

"கிடைச்சிட்டாங்க மேடம்," வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் எஞ்சின் முதுகுல திருகி நிக்கிறாங்க, கொம்பு மாதிரி. ஒருத்தன் நுனியில வெள்ளிப் பெயிண்ட் ஒட்டியிருக்கு. இன்னொருத்தன் மேல ஒண்ணுமில்ல."

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து தலைகள் இரண்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கியர்பாக்ஸின் முன்விளிம்பில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த துளைகளைக் காட்டினார். இந்தக் காதுகளின் வழியாகத்தான் போல்ட்டை விட்டு எஞ்சினோடு முடுக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கனத்தைத் தாங்குவார், மற்றவர் போல்ட்டைப் போடுவார். ஒற்றை ஆளுக்கு அதற்குக் கை போதாது. அப்படித் தனியாக மாட்டுகிறவர்கள் நீளமான இரண்டு போல்ட்டை எடுத்துத் தலையை வெட்டி எறிந்துவிட்டு, முண்டத்தை முதலில் எஞ்சினில் திருகி நிறுத்திவிடுவார்கள். தலை இல்லாததால் கியர்பாக்ஸின் காது அதன்மேல் வழுக்கி ஏறிக்கொள்ளும். கனத்தை அது தாங்க, இவர் மற்ற போல்ட்டுகளை ஆற அமரப் போட்டுக்கொள்ளலாம்.

"பக்கத்துல ஒரு ஆள் இருந்தா யாரும் நல்ல போல்ட்டைத் தலை வெட்டமாட்டாங்க. உங்க வீட்டுக்காரர்கூட இருந்த ரெண்டாவது ஆள் இதுங்கதான்மா. ஒண்ணுமேல காது ஏறத் தொடங்கியிருக்கு, அதான் அந்தப் பெயிண்ட். இன்னொண்ணுமேல ஏறுறதுக்குள்ள ஜாக்கி பின்னால உருண்டிருச்சு." அவர் கொழுந்தனைப் பார்த்தார். "இவரு விடவும் இல்ல, குமிழைத் திருகவும் இல்ல. இவரு இங்க இல்லவே இல்ல."

ஒல்லி வண்டிக்கு அடியிலேயே கிடந்தான், வெளியே வர இது சமயமில்லை என்று தெரிந்தவன் போல.

கொழுந்தன் அதன்பிறகு சொன்னதில் வார்த்தைகள் முன்னுக்குப் பின் புரண்டன. பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்தான். அவள் அதைக் கவனித்தாள். பழைய இரும்புக் கடையில் ஒரு புது மாடல் கியர்பாக்ஸ் பார்த்துவைத்திருந்தானாம், ஒரு கியர் கூடுதலாக, பாதிக் கனத்தில். அதைப் போடலாம் என்று அன்று காலை மறுபடி ஆரம்பித்தான். வண்டியோடு பிறந்ததுதான் வண்டிக்கு, வேறு எதுவும் இதற்குள் போகாது என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். பேச்சு தடித்தது. உன் டப்பாவை நீயே தூக்கிக்கோ என்று சொல்லிவிட்டு இவன் கிளம்பிவிட்டான். அண்ணனிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். சினிமாக் கொட்டகையில் போய் உட்கார்ந்தான். என்ன படம் ஓடியது என்று இன்றுவரை தெரியாது. நடுவில் அண்ணன் போன் செய்தார். யார் என்று பார்த்துவிட்டு அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கோபம் ஆறித் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கடப்பாரையால் கியர்பாக்ஸை நெம்பித் தள்ளிவிட்டுத்தான் தெருவைக் கூப்பிட்டான்.

"கையைப் பிடிச்சேன்னது மட்டும் நெஜம் அண்ணி. நான் பிடிக்கும்போது ஜில்லுனு இருந்துச்சு."

ஏன் இந்தப் பொய் என்று அவள் கேட்டாள்.

"நீங்க ஓடிவந்து மொதல்ல கேட்டது, தனியாவா இருந்தாருன்னுதான். இல்லன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் என்ன சொன்னாருன்னு கேட்டீங்க. ஏதாச்சும் சொல்லித்தானே ஆகணும்? ஒரு வார்த்தை மாறினாலும் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு மனப்பாடம் பண்ணேன். தினமும் சொல்லிப் பார்ப்பேன்."

அவள் கையில் இருந்த தலைகள் சூடாகியிருந்தன. அவற்றை மேசைமேல் வைத்தாள்.

"அப்போ அவரு எனக்குன்னு ஒண்ணும் சொல்லல."

"எனக்குத் தெரியாது அண்ணி."

அவள் அழுதாள். கணவர் போன அன்றுகூட இப்படி வரவில்லை. கொழுந்தன் பக்கத்தில் வரவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்றான். சர்வேயரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை நாள் அவளைத் தேற்றியது கொழுந்தனின் சொல், கணவருடையது இல்லை. அதைக் கட்டிக்கொண்டு படுத்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனாலும், சொல்லத் தெரியாத இந்தப் பயல் தினமும் தனியாக உட்கார்ந்து அதை உருப்போட்டிருக்கிறான். அதையும் அவளால் ஒதுக்கிவிட முடியவில்லை. சாகும்போது அவர் தனியாக இருந்தார். அதை இனி யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

கடைசியில் வண்டிக்கு அடியிலிருந்துதான் குரல் வந்தது. இருக்கிற ஆள்பலத்தோடு இதைத் தூக்கி மாட்டிவிடலாமா, எப்படியும் தான் உள்ளேதான் இருக்கிறோம் என்று ஒல்லி கேட்டான். கொழுந்தன் அவளைப் பார்த்தான். வெகு நாளைக்குப் பிறகு நேராகக் கண்ணைப் பார்த்தான்.

"மாட்டு," என்றாள் அவள். "பழசையே மாட்டு."

கொழுந்தன் ஜாக்கியின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்தான். கீழே ஒல்லியும் அவனுமாகக் கியர்பாக்ஸைத் தூக்கினார்கள். சர்வேயரம்மா நின்ற இடத்திலிருந்து இடது, வலது என்று அதிகாரம் செய்ய, உங்க முட்டியைவிட உங்க வாய் நல்லா மடங்குது மேடம் என்று ஒல்லி மூச்சு வாங்கினான். அவள் டார்ச்சைப் பிடித்தாள். காதுகள் இரண்டும் கொம்புகள்மேல் ஏறி, ஒரு மெல்லிய உரசலோடு உள்ளே போய் உட்கார்ந்தன. போல்ட்டுகள் முடுக்கியான பிறகு, கொழுந்தன் முண்டங்கள் இரண்டையும் திருகி எடுத்துவிட்டு அந்த இடத்திலும் தலையுள்ள போல்ட்டைப் போட்டான்.

சர்வேயரம்மா கிளம்பும்போது, சந்தேகப்பட்டுப் பார்த்ததில் இது விபத்து, எழுதிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை என்றார். ஒல்லி முதுகெல்லாம் எண்ணெயோடு போனான்.

அவர்கள் போனதும் கொழுந்தன் கருவிகளைத் துடைத்து மாட்டத் தொடங்கினான். நாளைக்குத் தனக்குச் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது, பாப்பாவை நீதான் பள்ளியில் விட வேண்டும் என்றாள் அவள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஸ்பேனரைத் துடைத்த கை கொஞ்ச நேரம் அதே இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தது.

இன்னும் என்ன பாக்கி என்று அவள் கேட்டாள். பிளக்குகளுக்கு ஒயர் கொடுக்க வேண்டும் என்றான். எஞ்சினின் பக்கவாட்டில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து ஒயர்கள் எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தன. எது எதற்கு என்று கேட்டாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போகாது, சிலிண்டர்கள் வெடிக்கிற ஒழுங்கு ஒன்று உண்டு, மாறினால் எஞ்சின் உதறும் என்றான். அச்சகத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது வழக்கம். அதே மாதிரி நீ சொல், நான் பார்க்கிறேன் என்று அவள் பம்பரில் கையூன்றி எட்டிப் பார்த்தாள்.

அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி மாட்ட, அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து உம் கொட்டினாள். இந்த ஒழுங்கு உங்க அண்ணன் வச்சதா என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி. வண்டி செஞ்சப்பவே வந்தது. யாரு பிரிச்சு யாரு மாட்டினாலும் இதான்."

ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு.